கண்ணாடிக்கு மேல் போட்ட பட்டு

பூமிநாதன் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது யார் வீட்டில் சாவு என்பதைத்தான். தப்பாக நினைக்க வேண்டாம், அவன் தொழில் அப்படி. ஆர்.எஸ்.மங்கலத்தில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர், மாலை கட்டுகிறவர், பந்தல் போடுகிறவர் என்று மூன்று பேரிடமும் அவன் நம்பர் இருக்கிறது. சுற்றுவட்டத்தில் எந்த வீட்டில் உயிர் போனாலும், சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குத் தகவல் போவதற்குள் அவனுக்கு வந்துவிடும். ஏழு மணிக்குள் அவன் ஒரு பட்டியல் போட்டு, கட்சியின் ஒன்றியச் செயலாளர் மாரிச்செல்வத்தின் போனுக்கு அனுப்பிவிடுவான். கேதப் பட்டியல் என்று அதற்குப் பேர். சாவு விழுந்த துட்டி வீடுகளுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதற்கான பட்டியல்.

சும்மா ஊர்ப்பேரும் நேரமும் மட்டும் எழுதிய பட்டியல் இல்லை அது. செத்தவர் யார், பிள்ளைகள் எத்தனை, எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையோடு பேசுவதில்லை, தெற்குத் தெரு வழியாக நுழைவதா வடக்குத் தெரு வழியாக நுழைவதா, செருப்பை எங்கே கழற்றுவது, உட்காருவதா நிற்பதா, எல்லாம் இருக்கும். பங்காளி வீடு இரண்டு எதிரெதிரே இருந்தால் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மற்ற வீட்டில் குடிக்காமல் வரக் கூடாது என்பதுவரைக்கும் எழுதியிருப்பான். வாக்காளர் பட்டியலில் இல்லாத விஷயமெல்லாம் அதில் இருந்தது.

மாரிச்செல்வம் ஆரம்பத்தில் துட்டி வீட்டுக்குள் போனால் ஓட்டுக் கேட்கப் போன மாதிரி சிரித்துக்கொண்டு கும்பிடுவார். கூலிங் கிளாஸைக் கழற்ற மாட்டார். ஒரு தடவை, அப்பனைப் பறிகொடுத்து நின்றவனிடம் போய் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டார். அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவன் பூமிநாதன்தான். எதுவும் பேச வேண்டாம் அண்ணே, மூத்த மகன் தோளில் கையை வையுங்கள், பத்து எண்ணுங்கள், எடுங்கள். அவ்வளவுதான். இன்றைக்கு ஊரெல்லாம் மாரிச்செல்வத்தைத் துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்கிற மனுசன் என்று சொல்கிறார்கள். அந்தப் பத்து எண்ணுவது பூமிநாதன் கொடுத்த கணக்கு என்று ஒருத்தனுக்கும் தெரியாது.

அவன் சொந்த ஊர் திருவாடானைக்குப் பக்கத்தில். மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் கருவேலம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும், அதுதான் அவனைக் கெடுத்தது. பதினேழு வயதில் தேர்தலுக்குச் சுவர் எழுதப் போனான். சுண்ணாம்பு அடித்து, நீலம் கரைத்து, பனைமட்டைத் தூரிகையில் ஆள் உயரத்துக்கு எழுத்துப் போடுவான். அப்புறம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு பேசினான். பிளக்ஸ் வந்ததும் கம்ப்யூட்டர் பழகினான். யார் தலை பெரிதாக இருக்கணும், யார் தலை சின்னதாக இருக்கணும், யாரை யாருக்குப் பக்கத்தில் போட்டால் கலவரம் வரும் என்பது அவனுக்கு மனப்பாடம். போன் வந்தது. பதினான்கு குரூப்புகளை நடத்தினான். விசிட்டிங் கார்டில் 'அரசியல் விளம்பர ஆலோசகர்' என்று போட்டுக்கொண்டான். ஊரில் அவனுக்குப் பேர் என்னவோ போஸ்டர் பூமிதான்.

இத்தனை வருசத்தில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துப் போட்டிருக்கிறான். ஒன்றில்கூட அவன் இல்லை. எடுக்கிறவன் எப்படிப் படத்தில் இருப்பான் என்று கேட்கலாம். மேடையில் நன்றி சொல்லும்போது பந்தல்காரருக்கும் மைக் செட்டுக்கும் சொல்வார்கள். பூமிநாதன் பேர் வராது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிப் பொருமுவான். நாகஜோதி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சாப்பிடுங்க என்பாள்.

நாகஜோதி அவன் மனைவி. மகளிர் குழுத் தலைவி. அவர்கள் வார்டில் உள்ள பதினோரு ஊர்ப் பெண்களும் அவளுக்குப் பழக்கம். யாருக்கு உதவித்தொகை நின்றுபோனது, யார் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று அலைந்துகொண்டே இருப்பாள். ஏழு மாதத்துக்கு முன்னால், உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஒன்றியக் கவுன்சிலர் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்று பேச்சு உறுதியானது. மாரிச்செல்வம் கட்சி ஆபீசில் நாலு பேர் இருக்கும்போதே சொன்னார்.

"நாகஜோதிய நிப்பாட்டிருவோம்யா பூமி. ஒனக்குச் செய்யாம நான் யாருக்குச் செய்யப் போறேன்."

எனக்கு எதற்கு இந்த வம்பு என்றுதான் நாகஜோதி முதலில் சொன்னாள். ஒரு மாதம் யோசித்தாள். அப்புறம் அவளே கிளம்பிவிட்டாள். குழுக் கூட்டத்துக்குப் போகிற ஊரிலெல்லாம் பெண்களிடம் சொல்லிவைத்தாள். உப்பூர்ப் பக்கத்திலிருந்துகூட இரண்டு பெண்கள் வந்து, ஜோதி நின்றால் நாங்கள் வந்து வேலை செய்வோம் என்றார்கள். வேட்பாளர் பெயர்கள் திங்கட்கிழமை மாவட்டத்துக்குப் போக வேண்டும். அந்த வாரம் முழுக்க பூமிநாதன் மாரிச்செல்வத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நடந்தான். அவர் தும்மினால் இவன் தண்ணீர் எடுத்தான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பூங்கோதை செத்துப்போனாள். மிளகாய் விவசாயி முனீஸ்வரனின் மனைவி. ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை. முனீஸ்வரன் அவன் ஊரில் இருபது வருசமாகக் கட்சிக் கிளைச் செயலாளர். பூங்கோதை பிறந்த ஊர் திருவாடானைப் பக்கம், பெரிய ஊர். எண்ணூறு ஓட்டு அந்த ஊரில் மட்டும். அதுவும் நாகஜோதி நிற்கப்போகும் இதே வார்டு. எல்லாவற்றையும் பூமிநாதன் பட்டியலில் எழுதினான். கடைசியில் வழக்கமாகப் பெண்களுக்கு எழுதுகிற வரியையும் எழுதினான்: 'மாலை மட்டும்.'

அந்த வரிக்குக் காரணம் இருக்கிறது. துட்டி வீட்டில் எல்லாரும் மாலைதான் போடுகிறார்கள், நாம் பட்டு போடுவோம் என்று இரண்டு வருசத்துக்கு முன்னால் யோசனை சொன்னவன் பூமிநாதன். ஒரு நல்ல பட்டுச் சால்வை, அதை இரண்டு கையாலும் விரித்துப் போர்த்துகிற மாதிரி ஒரு படம். அது பிடித்துக்கொண்டது. பட்டு போட்டுவிட்டாரா மாரிச்செல்வம் என்று செத்த வீட்டுக்காரர்களே எதிர்பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஆனால் அது ஆண்களுக்கு மட்டும். பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பிமார் புதுச்சேலை கொண்டுவருவார்கள். கோடி என்று அதற்குப் பேர். அந்தக் கோடிதான் அவள்மேல் முதலில் விழ வேண்டும். அதற்கு முன்னால் வேறு எந்தத் துணியும் விழக் கூடாது. புருசன் வீட்டுக்காரர்களே போட மாட்டார்கள்.

மாரிச்செல்வத்தின் கார் பத்து மணிக்கு வந்தது. பன்னிரண்டுக்கு அவர் இராமநாதபுரத்தில் மாவட்டக் கூட்டத்தில் இருக்க வேண்டும். முன் சீட்டில் பட்டுச் சால்வை இருந்தது. பூமிநாதன் கார்க் கதவைத் திறந்ததும் அதைத்தான் பார்த்தான். அண்ணே, பொம்பளையாள், கோடி இன்னும் வரவில்லை, மாலை போதும் என்றான்.

மாரிச்செல்வத்துக்கு அது பிடிக்கவில்லை. போன வாரம் முனீஸ்வரனின் பங்காளி செத்ததற்குப் பட்டு போட்டோம், கிளைச் செயலாளர் மனைவிக்கு வெறும் மாலையா என்று கேட்டார். கோடி எப்போது வரும் என்று கேட்டார். பதினொன்றரை ஆகலாம். அதுவரை நிற்க முடியாது.

"நீதான யோசனைக்காரன். ஒரு வழி சொல்லு."

அந்த இடத்தில் முடியாது அண்ணே என்று பூமிநாதன் சொல்லியிருக்க வேண்டும். வேறு எந்த வாரமாக இருந்தாலும் சொல்லியிருப்பான். அவனுக்குத் திங்கட்கிழமைதான் கண்ணுக்குள் நின்றது. பந்தலுக்குள் பார்த்தான். பூங்கோதை ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். மேலே கண்ணாடி மூடியிருந்தது.

"கண்ணாடிக்கு மேல போடலாம்ணே. உடம்புல படாதுல்ல. கோடி வரவும் எடுத்துருவோம்."

சொல்லும்போதே அவனுக்கே அது சரியான யோசனையாகப் பட்டது. முனீஸ்வரனிடம் போய்க் காதில் சொன்னான். மனைவியைப் பறிகொடுத்தவன் எதைச் சொன்னாலும் தலையைத்தான் ஆட்டுவான், ஆட்டினான். மாரிச்செல்வம் பட்டை விரித்து ஐஸ் பெட்டிமேல் போட்டார். முனீஸ்வரனின் மூத்த மகன் தோளில் கை வைத்தார். பத்து எண்ணினார்.

பூமிநாதன் படம் எடுத்தான். ஐஸ் பெட்டியைப் படம் எடுப்பது லேசான வேலை இல்லை. நேராக நின்றால் பந்தல் லைட் கண்ணாடியில் விழுந்து வெள்ளையாக அடிக்கும், முகம் தெரியாது. தலைமாட்டுப் பக்கம் முட்டி போட்டு, போனைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணாடி இருப்பதே தெரியாமல் முகம் துலக்கமாக விழும். அப்படித்தான் எடுத்தான். அருமையான படம். 'பூங்கோதை அம்மாளுக்குப் பட்டு அணிவித்து இறுதி மரியாதை செலுத்தினார்' என்று எழுதினான். கார் கிளம்பிப் பத்து நிமிசத்தில் பதினான்கு குரூப்புக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வேகத்தில் அவனுக்கு எப்போதுமே ஒரு பெருமை.

பதினொன்றரை ஆனது, பன்னிரண்டு ஆனது. பிறந்த வீட்டு வேன் வரவில்லை. பந்தலில் எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனீஸ்வரன் போனோடு வந்து பூமிநாதனைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் குரலே மாறியிருந்தது. பூங்கோதையின் அண்ணன் தர்மராஜ், முப்பது சொந்தக்காரர்களோடு வேனில் வந்துகொண்டிருந்தவர், வழியிலேயே நிறுத்திவிட்டார். வேனில் ஒரு பெண்ணின் போனில் படம் வந்திருக்கிறது. அண்ணன் கோடி கொண்டுவருவதற்குள் அந்நியன் துணி போட்டாயிற்றா, அப்புறம் எங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டு, வண்டியைத் திருப்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"கோடி விழுகாம நான் எப்படிய்யா அவளத் தூக்குறது?" என்று முனீஸ்வரன் கேட்டான். "இருபது வருசம் கட்சியில இருந்ததுக்கு இதுவா?"

பூமிநாதன் முதலில் செய்தது படத்தை அழித்தது. பதினான்கு குரூப்பிலும் அழித்தான். அதற்குள் அது நூறு இடத்துக்குப் போயிருந்தது. போகாவிட்டால் அவன் ஆலோசகன் இல்லையே. இரண்டாவது, மாரிச்செல்வத்துக்குப் போன் அடித்தான். நாலாவது தடவைதான் எடுத்தார்.

"கூட்டத்துல இருக்கேன். கண்ணாடி யோசனை ஒன்னோடதுதான? நீயே சரி பண்ணு. எம்பேரு எங்கனயும் வரக் கூடாது."

பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க் கரையோரம் ஒரு புளியமரத்தடியில் வேன் நின்றது. ஆண்கள் இறங்கி நின்றார்கள். பெண்கள் வேனுக்குள்ளேயே இருந்து அழுதுகொண்டும் ஏசிக்கொண்டும் இருந்தார்கள். தர்மராஜ் மரத்து வேரில் உட்கார்ந்திருந்தார். மடியில் தாம்பாளம், அதில் அரக்குச் சேலை. பூமிநாதனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"மாமா..." என்று ஆரம்பித்தான் இவன்.

"யாருக்கு யாருப்பா மாமன்? எலெக்சன் வந்துட்டா ஊரே ஒங்களுக்கு மாமன் மச்சானா?"

வேனுக்குள்ளிருந்து ஒரு பெண், இந்த ஆள்தான் போஸ்டர்காரன், சாவு எங்கே எங்கே என்று மோப்பம் பிடித்துத் திரிகிறவன் என்று சொன்னாள். சொன்னவள் தர்மராஜின் மனைவி கலைச்செல்வி. பூமிநாதன் அதை விழுங்கிக்கொண்டான். உடம்பில் படவில்லை, கண்ணாடிக்கு மேலேதான் போட்டோம், கோடிக்கு ஒரு குறையும் வரவில்லை என்று மூச்சு விடாமல் சொன்னான்.

தர்மராஜ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். அந்தப் படம்தான்.

"கண்ணாடி எங்கன இருக்கு, காட்டு."

பூமிநாதன் வாங்கிப் பார்த்தான். இரண்டு விரலால் பெரிதாக்கினான். தலைமாட்டில் பார்த்தான், கால்மாட்டில் பார்த்தான், ஓரத்தில் பெட்டியின் விளிம்பாவது தெரிகிறதா என்று பார்த்தான். பட்டு நேராகப் பூங்கோதைமேல் கிடந்த மாதிரிதான் இருந்தது. கண்ணாடி தெரியக் கூடாது என்றுதானே முட்டி போட்டு எடுத்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"எங்க அய்யா போனப்ப அவளுக்குப் பதினஞ்சு வயசு" என்றார் தர்மராஜ். குரலை உயர்த்தவில்லை. "கல்யாணச் சேலை நாந்தேன் எடுத்தேன். இதையும் நாந்தேன் போடணும். ஒங்க செயலாளர் எந்த மொறையில போட்டாரு? போட்டவரே வந்து எடுக்கட்டும். அப்பறம் நான் வாரேன்."

மறுபடி மாரிச்செல்வத்துக்கு அடித்தான். போன் அணைத்து வைத்திருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே பந்தலில் ஒரு பிணம், இங்கே மரத்தடியில் ஒரு சேலை, நடுவில் இவன். யார் செய்ததற்கோ யாரோ நிற்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. அப்புறம் யோசித்தால் செய்தது இவன்தான், அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது.

"போட்டது அவரு, போட வச்சது நான்" என்றான். "நானே எடுக்கிறேன். ஒங்க ஆளுக முன்னாடி, ஊரு பாக்க எடுக்கிறேன். நீங்களே போட்டோ புடிச்சு எந்தக் குரூப்புல வேணாலும் போட்டுக்கங்க. எம்பேரையும் போடுங்க."

தர்மராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

பந்தல் வாசலில் பிறந்த வீட்டுக்காரர்கள் முப்பது பேரும் நின்றார்கள். ஒருத்தரும் உள்ளே கால் வைக்கவில்லை. பூமிநாதன் மட்டும் நடந்து போனான். ஐஸ் பெட்டிமேல் கிடந்த பட்டை எடுத்தான். எடுத்தபிறகுதான் அதை என்ன செய்வது என்று யோசிக்கவில்லை என்பது உறைத்தது. மடிக்கவும் தோன்றவில்லை, கீழே போடவும் முடியாது, துட்டி வீட்டுத் துணியை வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றான். ஏழெட்டு போன்கள் அவனைப் படம் எடுத்தன. நேராக நின்று எடுத்தார்கள். பந்தல் லைட் கண்ணாடியில் விழுந்து அடிக்கும், படம் கெட்டுப்போகும் என்று அந்த நேரத்திலும் அவன் மூளை சொன்னது. ஒரு பெரியவர் வந்து பட்டை வாங்கிப் பாடையின் கால்மாட்டில் சுருட்டி வைத்தார். அதற்குப் பிறகு தர்மராஜ் உள்ளே வந்தார். பூங்கோதையை வெளியே எடுத்துக் குளிப்பாட்டி, அரக்குச் சேலையைப் போர்த்தினார்கள். ஒரு மணிக்குத் தூக்க வேண்டியது மூன்றரைக்குத் தூக்கினார்கள்.

படம் சாயங்காலத்துக்குள் எல்லாப் போனிலும் இருந்தது. 'தவறுக்கு மன்னிப்பு: பூமிநாதன்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாரிச்செல்வம் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டார். பூமிநாதன் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். நாகஜோதி குழுக் கூட்டத்துக்குக் கிளம்பி, தலை சீவிக்கொண்டிருந்தாள்.

நல்லபடியாகச் சமாளித்துவிட்டாய் என்று அவர் முதலில் பாராட்டினார். ஞாயிற்றுக்கிழமை தானே தர்மராஜ் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னார். அந்த ஊர் எண்ணூறு ஓட்டை விட முடியாது என்றார். அப்புறம் கொஞ்சம் இருமினார்.

"கவுன்சிலருக்குக் கலைச்செல்விய முடிவு பண்ணியாச்சு, தர்மராஜ் சம்சாரம். சங்கடப்படாத பூமி. ஒன் மூஞ்சி இப்ப அந்தப் பக்கம் எல்லா போன்லயும் கெடக்கு. ஜோதிய எப்படி நிப்பாட்டுறது, நீயே சொல்லு. நீ ஆலோசகன்ல?"

அரை மணி நேரத்தில் அறிவிப்பை எழுதி அனுப்பு, கலைச்செல்வி வீட்டுக்குப் போய் ஒரு படமும் எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

நாகஜோதி சீப்பைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று பார்த்தான், கத்தவில்லை.

"பதினாலு வருசமா அவரச் செத்தவுக வீட்டுக்கெல்லாம் கூட்டிக்கிட்டுப் போனீங்க. உசுரோட இருக்கவுக வீடு ஒண்ணுக்காச்சும் என்னையக் கூட்டிட்டுப் போயி, இவ எம்பொண்டாட்டி, இவதான் நிக்கப் போறான்னு சொன்னீங்களா? நாந்தேன் தனியா நடந்தேன்."

பூமிநாதன் போனை எடுத்து எழுத உட்கார்ந்தான். கோபத்தில், வேண்டுமென்றே மொக்கையாக எழுத வேண்டும் என்று நினைத்தான். 'வேட்பாளர் கலைச்செல்வி' என்று மட்டும் எழுதி அனுப்பிவிடலாம் என்று நினைத்தான். விரல் கேட்கவில்லை. 'நாத்தனாரை இழந்த துயரத்திலும் மக்கள் பணிக்கு முன்வந்த' என்று தானாகப் போய் விழுந்தது. அது எத்தனை ஓட்டு இழுக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அழித்தான். வேறு மாதிரி எழுதிப் பார்த்தான். அதுவும் நன்றாகவே வந்தது. கடைசியில் முதலில் எழுதியதையே அனுப்பினான்.

நாகஜோதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினாள். பதினோரு ஊர்ப் பெண்களிடமும் இனி அவள்தான் சொல்ல வேண்டும்.

"நானும் வாரேன்" என்றான் பூமிநாதன். "நான் சொல்லிக்கிறேன் அவுககிட்ட."

"வேணாம். நீங்க வந்தா அங்கனயும் போட்டோ எடுப்பீங்க."

அவள் தெருமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் போன் அடித்தது. தர்மராஜ். வெள்ளிக்கிழமைக் கோபத்தின் சுவடே குரலில் இல்லை. தம்பி என்று கூப்பிட்டார். வீட்டில் எல்லாரும் குளித்துத் தயாராக இருக்கிறார்கள், படம் எடுக்க எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்.

தெருமுனையில் நாகஜோதி பஸ்சுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். பஸ் நின்றது, ஏறினாள்.

"ஒம்பது மணிக்கு வாரேன்" என்றான் பூமிநாதன். "வெயில் ஏறிட்டா மூஞ்சில நெழல் விழுந்துரும். கிழக்க பாத்து ஒரு சேர் போட்டு வைங்க."